பெட்டி எழும்புகிற வரிசை

மிச்சம் பிடிப்பதில் அந்த நாட்களில் வன்னியில் இருந்த எங்களை யாராலும் வெல்ல முடியாது. நெருப்புக்குச்சியைப் பிளேட்டால் நெடுக்காகப் பிளந்து இரண்டாக்குவோம். சவர்க்காரத்தை நூலால் அறுத்துப் பங்கு போடுவோம். விளக்குத் திரியைக் கண் தெரியும் அளவுக்கு மட்டும் இழுத்துவிடுவோம். அதற்கு மேல் இழுத்தவருக்கு வீட்டில் ஏச்சு விழும். பொருளாதாரத் தடை என்பது பாதையில் மட்டும் இருக்கவில்லை, எங்களுக்குள்ளும் குடிவந்துவிட்டது. எதைக் கண்டாலும் இதில் எதை வெட்டலாம் என்றுதான் கை போகும். ஒரு கணினி எழும்புகிற வரிசையிலும் நாங்கள் கைவைத்தோம் என்று சொன்னால் இன்றைக்குக் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து துணுக்காய்க்கு வந்தவள். தட்டச்சுத் தெரியும் என்ற ஒரே காரணத்தால் ஒரு நிவாரண அலுவலகத்தில் வேலை கிடைத்தது. முகாம்களுக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளை நிறுத்துப் பார்ப்பதும், மேற்கையைச் சுற்றி அளவுப் பட்டி ஒன்றைப் போட்டுப் பார்ப்பதும் என் வேலை. பட்டி சிவப்பில் நின்றால் சத்துமாப் பை கொடுப்போம். பச்சையில் நின்றால் தாயிடம் நல்லது என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவோம். பட்டியோடு சேர்த்து ஒரு படமும் எடுக்கப்படும். பிளொப்பி டிஸ்கைச் செருகி எடுக்கிற பெரிய கமெரா ஒன்று எங்களிடம் இருந்தது. அந்தப் படங்கள் வெளிநாட்டில் இருந்த தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே அவற்றைப் பார்த்துத்தான் பணம் கொடுப்பவர்களின் மனம் இரங்குமாம். தாய்மாருக்கும் ஒரு படம் கொடுப்போம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தாலும் மை வீண் என்று சொல்லியிருப்போம்.

அலுவலகத்தில் இரண்டு கணினிகள் இருந்தன. பெரியது றோட்டுக்கு அந்தப் பக்கம், களஞ்சியத்தில். களஞ்சியத்துக்குக் கொங்கிறீற் கூரை, எங்களுக்குத் தகரம். அதனால் பெறுமதியானது என்று நாங்கள் நினைத்ததெல்லாம் அங்கேதான் இருக்கும். சத்துமா, மருந்து, பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அங்கே. அந்தப் பெரிய கணினிக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. சின்னது என் மேசையில் இருந்தது. அதற்குத் திரையும் பிறின்ரரும் உண்டு, ஆனால் உள்ளே எதையும் வைக்க இடம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ரீவி அன்ரெனா வயர் போன்ற கறுப்பு வயர் ஒன்று பூவரச மரத்தில் கட்டி றோட்டுக்கு மேலால் இழுக்கப்பட்டிருந்தது. அந்த வயர் வழியாக அங்கே கிடக்கும் கோப்புகளை இங்கேயே கிடப்பவை போலத் திறக்கலாம்.

இதையெல்லாம் எனக்கு விளங்கப்படுத்தியவர் கணினிகளைப் பார்த்துக்கொண்ட அண்ணை. பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். மனுசரோடு கதைக்கத் தெரியாது. கணினிப் பெட்டியைப் பற்றிக் கேட்டால் கதையை நிறுத்தத் தெரியாது. கணினி எழும்பும்போது முதலில் கேர்னல் என்ற நடுப்பகுதி எழும்புமாம். அதற்கு எல்லா வேலையும் தெரியாது. தெரியாத வேலைகளுக்கென்று மொடியூல்கள் என்ற சின்னத் துண்டுகள் டிஸ்கில் கிடக்கும். எழும்புகிற நேரத்தில் அவற்றை ஒவ்வொன்றாகக் கேர்னலுக்குள் ஏற்றவேண்டும். வயருக்கு அந்தப் பக்கத்துக் கோப்புகளை எட்டுவதற்கும் அப்படி மூன்று மொடியூல்கள் இருந்தன. அவை ஏறாவிட்டால் வயர் இருந்தும் பயனில்லை, எங்கள் பெட்டிக்குக் களஞ்சியத்துக் கணினி இருப்பதே தெரியாது.

இரண்டுக்கும் மின்சாரம் ஒரே ஜெனரேற்றரில் இருந்து வந்தது. கொஞ்சம் பெற்றோல் விட்டுத் தொடக்கி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அலுவலகத்துக்கு வரும் எண்ணெய் குறையக் குறைய, களஞ்சியத்துக் கணினியை எப்போதாவதுதான் போட்டோம். அது படுத்திருக்கிற நாட்களிலும் எங்கள் பெட்டி எழும்பும்போது அதைக் கூப்பிடும். பதில் வராது. திரும்பக் கூப்பிடும். ஜெனரேற்றர் புகைவிட்டுக்கொண்டு நிற்கும்.

"எண்ணெயைக் குடிச்சுக் குடிச்சு ஆரை இது கூப்பிடுது?" என்று அண்ணை பல்லைக் கடிப்பார்.

ஒரு நாள் எழும்பும் வரிசையில் இருந்து அந்த மூன்று மொடியூல்களையும் தூக்கிவிட்டார். எந்த மொடியூலுக்கு முன்னால் எது ஏறவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்க்கிற கட்டளை ஒன்று இருந்தது. அதற்கு நேரம் எடுத்தது, அதையும் தூக்கினார். படங்களைத் திரையில் காட்டும் வசதி நேரமெடுத்து ஆறுதலாக எழும்புகிறது என்று அதையும் கழற்றினார். அதற்குப் பிறகு பெட்டி சட்டென்று எழும்பியது. வெறும் எழுத்து மட்டும் வரும், எங்களுக்கு அது போதும். அலுவலகப் பொறுப்பாளர் அவரைக் கூப்பிட்டுப் பாராட்டினார். நாங்களும் கைதட்டினோம். தேவைப்படுகிற நாளில் மொடியூல்களைக் கையால் ஏற்றலாம் என்று அண்ணை சொன்னார். நெருப்புக்குச்சியைப் பிளந்த கைகள்தானே, எங்களுக்கு அது நல்ல கெட்டித்தனமாகத் தெரிந்தது.

அப்படியிருக்கும்போதுதான் அந்தத் தாய் வந்தார்.

நாயாற்றுப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கடல்தொழில். கரையில் இருக்க முடியாமல் இடம்பெயர்ந்து துணுக்காயில் ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தார்கள். புருஷன் குளத்தில் வலை போட்டார், ஆனால் குளத்து மீனை அவர் மீன் என்று சொல்லமாட்டாராம். தாய் ஒல்லியான மனுசி. மத்தியான வெயிலில் வந்து வாசலிலேயே நின்றார்.

"பிள்ளை, நீங்கள்தானே கை அளக்க வந்தனீங்கள்?"

"ஓம் அக்கா. உள்ளுக்கு வாங்கோ."

"என்ரை மகளையும் படம் பிடிச்சனீங்கள். அவள் செத்துப்போனாள். மூளை மலேரியா. முப்பத்தோராம் நாள் பூசை வருது. மேசையில வைக்கிறதுக்கு எங்களிட்டை ஒரு படம் இல்லை."

கடையில் சாமான் கேட்பது போலச் சொன்னார். நாலு வயது மகள். ஒரே பிள்ளை. பிள்ளையின் நிறை அட்டையைக் கையில் பிடித்திருந்தார். இலக்கம் இருந்தால் படத்தை எடுக்கலாம் என்று முகாமில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பிள்ளையின் முகம் ஞாபகம் வரவில்லை. எத்தனையோ கைகளை அளந்திருக்கிறேன். சிவப்பும் பச்சையும்தான் ஞாபகத்தில் நிற்கும். அதை நினைக்க எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

"படம் இருக்கு அக்கா. எண்ணெய்தான் இல்லை. ஜெனரேற்றருக்கு இந்தக் கிழமை ஒரு சொட்டும் வரேல்லை," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாள் காலையில் ஒரு சாராயப் போத்தலில் முக்கால்வாசி மண்ணெண்ணெயோடு வந்தார். முகாமில் விளக்குக்கென்று கொடுத்த பங்கு.

"இதைத் தந்தால் இரவில விளக்குக்கு என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"விளக்கு அவளுக்குத்தான். அவளுக்கு இருட்டெண்டால் பயம். இப்ப ஆருக்கு?"

நான் போத்தலை வாங்கி அண்ணையிடம் கொடுத்தேன். அவர் மிச்சம் பிடித்து வைத்திருந்த பெற்றோலில் தொடக்கி, மண்ணெண்ணெயை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஜெனரேற்றருக்குள் ஊற்றினார். நான் களஞ்சியத்துக்கு ஓடிப்போய்ப் பெரிய கணினியைப் போட்டுவிட்டு வந்தேன். தாயை என் கதிரையில் இருத்தினோம். அவர் வெறும் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு விளிம்பில் இருந்தார்.

எங்கள் பெட்டி சட்டென்று எழும்பியது. அண்ணை களஞ்சியத்துக் கோப்புகளைத் திறக்கச் சொல்லிக் கட்டளை அடித்தார். அப்படி ஒரு கோப்பு முறைமையை இந்தக் கேர்னல் அறியாது என்று திரையில் வந்தது. அது தெரிந்த விசயம்தான். மொடியூலை ஏற்றினால் சரி என்றார். ஏற்றினார். திரை முழுக்க ஒரே முறைப்பாடு, வரி வரியாக ஓடியது. தனக்கு வேண்டிய வேறு ஏதோ இன்னும் உள்ளே இல்லை என்று அந்த மொடியூல் சொன்னது. எது இல்லை என்பதைப் பார்த்து வரிசைப்படுத்தி ஏற்றுகிற கட்டளையைக் கூப்பிட்டார். அந்தக் கட்டளை தன் கணக்கைத் தேடியது. கணக்கு இல்லை. நேரம் மிச்சம் என்று அதைத்தானே தூக்கியிருந்தோம்.

"வரிசை என்னண்டு உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டேன்.

"அதை நான் ஒருநாளும் கையால செய்ததில்லை. அது தானாச் செய்யும்."

"புத்தகத்தைப் பாருங்கோவன்."

"புத்தகம் அங்கைதான் கிடக்கு," என்று வயர் போன பக்கத்தைக் காட்டினார். களஞ்சியத்துக் கணினிக்குள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெளியே ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் அந்தப் பிள்ளையின் விளக்கு எரிந்து முடிந்துகொண்டிருந்தது. "கையால ஏத்தலாம், கையால ஏத்தலாம் எண்டு சொன்ன வாய் எங்கை இப்ப?" என்று கேட்டுவிட்டேன். அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

அவர் வாய்க்குள் முணுமுணுத்தபடி யோசித்தார். மூன்றில் ஒன்று மற்றக் கணினியோடு கதைக்கத் தெரிந்தது. இன்னொன்று, இரண்டு பேர் ஒரே கோப்பில் கைவைக்காமல் பூட்டுப் போடுவது. மற்றதுதான் கோப்பைக் கொண்டுவருவது. அவர் முதலில் கோப்பைக் கொண்டுவருவதை ஏற்றப் பார்த்தார், முடியவில்லை. பிறகு பூட்டை ஏற்றப் பார்த்தார், அதற்கும் முறைப்பாடு. கிராம சேவகரின் கையெழுத்து இல்லாமல் மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்குப் போனவரைத் திருப்பி அனுப்புவது மாதிரி, அது ஒவ்வொரு முறையும் எங்களைத் திருப்பி அனுப்பியது. துண்டுகளின் பெயரிலும் குழப்பம். ஓர் எழுத்துப் பிழைத்தால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும்.

"பெட்டிக்குச் சுகமில்லையோ?" என்று தாய் மெல்லக் கேட்டார்.

"இல்லை அக்கா. கொஞ்சம் பொறுங்கோ," என்றார் அண்ணை.

கடைசியில் கதைக்கத் தெரிந்ததை முதலில் ஏற்றினார். ஒரு சத்தமும் இல்லாமல் ஏறியது. அடுத்தது பூட்டு, அதுவும் ஏறியது. மூன்றாவதும் ஏறியது. திரும்பக் கட்டளையை அடித்தார். முறைப்பாடு வரவில்லை. களஞ்சியத்துக் கோப்புகள் திரையில் பெயர் பெயராக இறங்கின. அட்டையில் இருந்த இலக்கத்தை நான் வாசிக்க, அவர் தேடிப் பிடித்தார். திரையில் படம் காட்டும் வசதி கழற்றப்பட்டிருந்ததால் நேரே பிறின்ரருக்கு அனுப்பினார்.

நிற மை எப்போதோ காய்ந்துவிட்டது. கறுப்பு மட்டும்தான். பிறின்ரர் இங்கும் அங்கும் ஓடி, மேலிருந்து ஒவ்வொரு கோடாகப் பிள்ளையைக் கொண்டுவந்தது. முதலில் முகாமின் சுவர் வந்தது. அந்தச் சுவருக்குப் போன மையை நினைத்து நான் இன்றும் எரிச்சல்படுகிறேன். பிறகு மயிர். வேர்வையில் நெற்றியோடு ஒட்டிக்கிடந்த மயிர். தாய் எழும்பி வந்து குனிந்து நின்றார். நெற்றி வந்தது. புருவம் வந்தது. கண்கள் இரண்டும் வந்தன. கமெராவைப் பார்க்காமல் சற்று மேலே, கமெரா பிடித்தவரைப் பார்க்கிற கண்கள்.

"ஓம்," என்றார் தாய். "ஓம், ஓம்."

மூக்கின் நுனி வரும்போது ஜெனரேற்றர் இருமியது. அந்த இருமல் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த இருமல். அண்ணை வெளியே ஓடிப்போய் அதைச் சரித்துப் பிடித்தார், அடியில் கிடந்ததையாவது அது குடிக்கட்டும் என்று. இன்னும் இரண்டு மூன்று கோடு வந்தது. பிறகு எல்லாம் நின்றது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

கடதாசியைக் கையால் சுழற்றி வெளியே எடுத்தோம். மூக்குக்குக் கீழே வெறும் வெள்ளை. தாய் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் வெள்ளையைத் தடவினார்.

"பிள்ளை, நீங்கள்தானே பக்கத்தில நிண்டனீங்கள். இதில அவள் சிரிச்சவளோ?"

சிரித்தாள் என்று சொல்லியிருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது. எத்தனை பேருக்கு எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன். சத்துமா அடுத்த கிழமை வரும் என்று வாயாரச் சொல்லியிருக்கிறேன். இதற்கு மட்டும் என் வாய் வரவில்லை.

"ஞாபகம் இல்லை அக்கா," என்றேன்.

"மிச்சம் உள்ளுக்குள்ளதானே இருக்கு?" என்று அவர் அண்ணையைக் கேட்டார்.

"ஓம் அக்கா, அப்படியே இருக்கு. ஒண்டும் அழியாது. எண்ணெய் வந்த உடனை மிச்சத்தையும் அடிச்சுத் தாறன். அடுத்த முறை இந்தக் கரைச்சல் இராது."

அவர் சும்மா சொல்லவில்லை. அலுவலகத்துக்கு அடுத்ததாகக் கொஞ்சம் எண்ணெய் வந்த அன்றைக்கு ஜெனரேற்றரைப் போட்டது கடிதம் அடிப்பதற்கு. களஞ்சியப் பக்கத்துக்கு மின்சாரம் கொடுக்கப் பொறுப்பாளர் விடவில்லை. கிடைத்த அந்த நேரத்தில் அண்ணை தூக்கியதையெல்லாம் திருப்பி எழும்பும் வரிசைக்குள் போட்டார். முதலில் கதைப்பது, பிறகு பூட்டு, பிறகு கோப்பு. வரிசையைக் கணக்குப் பார்க்கிற கட்டளையையும் போட்டார். எண்ணெய் போகிறதே என்று பொறுப்பாளர் கத்தினார். அண்ணை காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் ஒரு பேச்சையும் கேட்காமல் இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதே கிழமையில் விமானங்கள் வந்தன. நாங்கள் பதுங்கு குழிக்குள் இருந்து எழும்பி வந்து பார்த்தபோது எங்கள் தகரக் கூரை அப்படியே இருந்தது. றோட்டுக்கு அந்தப் பக்கம் கொங்கிறீற் கூரை நிலத்தில் கிடந்தது. சத்துமா பனிபோல எல்லாவற்றுக்கும் மேலே படிந்திருந்தது. நாய்கள் வந்து நக்கின. பூவரச மரத்தில் கறுப்பு வயரின் அறுந்த நுனி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த காவலாளி தப்பிவிட்டார், கையில் காயம் மட்டும்தான். கடவுளே என்று நிம்மதிப்பட்டோம். அதன் பிறகுதான் அண்ணை இடிபாட்டுக்குள் போய், நசிந்த பெட்டியின் மூடியைக் கழற்றி டிஸ்கை எடுத்துக்கொண்டு வந்தார். டிஸ்க் இரண்டாக மடிந்திருந்தது. அவர் அதை மேசையில் வைத்தார்.

பூசை முடிந்த பிறகு தாய் திரும்பி வந்தார். அதே போத்தல். இந்த முறை அரைவாசி. அத்தனை நாள் இருட்டில் இருந்து சேர்த்த எண்ணெய் என்பது எனக்குக் கேட்காமலே தெரிந்தது.

"பூசையில வைச்சனான்," என்றார். "சுவாமியார் கிட்ட வந்து பாத்துப்போட்டு, பிள்ளை ஏன் வாயைத் துணியால மூடியிருக்கு எண்டு கேட்டவர்."

போத்தலை மேசையில் வைத்தார். அண்ணை போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான்தான் சொல்லத் தொடங்கினேன்.

"அக்கா, களஞ்சியம்..."

"சொல்லவேண்டாம் பிள்ளை. வரேக்க பாத்தனான்."

"பிறகேன் எண்ணெயைக் கொண்டுவந்தனீங்கள்?"

அவர் என் கதிரையை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு இருந்தார். "இந்தப் பெட்டியை ஒருக்காப் போடுங்கோ தம்பி," என்றார்.

இது வீண் வேலை என்று சொல்ல என் வாய் உன்னியது. அந்த எண்ணெய் அவருக்கு எத்தனை இரவுக்கு வெளிச்சம். அண்ணை போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜெனரேற்றர் பிடித்தது. பெட்டி எழும்பியது, முன்னைப் போலச் சட்டென்று அல்ல, பழையபடி ஆறுதலாக. வரிகள் ஓடின. கதைக்கத் தெரிந்த மொடியூல் ஏறியது. பூட்டு ஏறியது. கோப்பைக் கொண்டுவருவது ஏறியது. ஒரு முறைப்பாடும் இல்லை, எல்லாம் வரிசைப்படி. அதற்குப் பிறகு ஒரு வரி வந்து நின்றது. சற்று நேரத்தில் அதே வரி திரும்பவும் வந்தது.

"என்ன எழுதியிருக்கு?" என்று தாய் கேட்டார்.

அண்ணை அவருக்குப் பின்னால் நின்றார். "அங்கையிருந்து பதில் இல்லையாம். திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு நிக்குது," என்றார். பிறகு, "நிப்பாட்டட்டே அக்கா? எண்ணெய் வீணாப் போகுது," என்றார்.

"வேண்டாம் தம்பி," என்றார் அவர், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல். "கேக்கட்டும்."

நாங்கள் மூன்று பேரும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எண்ணெய் முடியும்வரை அது கேட்டது.